எழுந்து போவது யார்?

மூன்று பெண் குரங்குகள். இரண்டு பேர் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவள் நெருங்கி வருகிறாள். கூட்டத்தில் அவள் இந்த இருவருக்கும் மேலிடத்துக்காரி. இருவரில் ஒருத்தி எழுந்து இடம் விட வேண்டும். யார் எழுவாள்?

பெரும்பாலும் இருவரில் கீழிடத்தவள்தான் எழுந்து போவாள். இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். இட வரிசையில் நடுவில் இருப்பவளை யோசித்துப் பாருங்கள். தன்னைவிடப் பெரியவள் வருகிறாள் என்பது மட்டுமே தெரிந்திருந்தால் அவளும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அவள் அசையாமல் இருக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் தனக்கும் கீழே, வருகிறவளுக்கும் கீழே என்ற இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நொடியில், சொல்லில்லாமல், மூன்று பேரை வரிசையில் நிறுத்திவிட்டு எடுத்த முடிவு அது.

1998-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உயிரியல் இதழில், பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் அனிந்திய சின்ஹா இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தவை காட்டில் சுதந்திரமாகத் திரிந்த நாட்டுக்குரங்குகள். நம் கோயில் மதில்களிலும் அருவிக்கரைகளிலும் இருக்கும் அதே இனம். குரங்கு எப்படி வரிசையை அறிகிறது, அந்த அறிவைக் கணக்கில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இந்தியக் குரங்குகளுக்குப் பெரிய இடம் இருக்கிறது. அதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் இருப்பது புனேயின் கிழக்கோரம், கராடியில். ஒரு தலைமுறைக்கு முன் முளா-முட்டா ஆற்றங்கரையின் விவசாயக் கிராமம். இன்று கண்ணாடிக் கட்டடங்களும் ஐடி பூங்காக்களும் நிறைந்த பகுதி. கடன் கேட்டு வருகிறவர்களில் யார் திருப்பிக் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று கணித்து வரிசைப்படுத்தும் மாதிரிகளை எழுதுவது என் பிழைப்பு. பிறந்த ஊர் தென்காசி. லோனாவலா மலைப்பாதையில் ரயில் போகும்போது தண்டவாளத்தோரம் நாட்டுக்குரங்குகளைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை இந்த இனத்தின் நிலம். ஆக, என் ஊரும் நான் பிழைக்கும் ஊரும் ஒரே குரங்கின் ஊர்கள்தான்.

என் ஆச்சி குற்றாலத்தில், அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை வைத்திருந்தாள். பள்ளி விடுமுறை முழுக்க அந்தக் கடையில்தான் கழியும். அழுகிய பழங்களை ஆச்சி தூர எறியமாட்டாள். ஒரு தகரத்தட்டில் சேர்த்து, சாயங்காலம் கடைக்குப் பின்னால் வைப்பாள். வரும் குரங்குகள் எல்லாவற்றையும் அவளுக்குத் தெரியும். காது கிழிந்தவள், வால் மொட்டை, கறுத்த மூஞ்சிக்காரி என்று அடையாளத்தாலேயே பேர் வைத்திருந்தாள்.

“ஏட்டி, காது கிழிஞ்சவ வாறதுக்குள்ள மத்ததுவ ஒண்ணும் தட்டுல கைவைக்காது, பாத்துக்க” என்பாள். நான் பார்ப்பேன், அப்படியே நடக்கும். ஒருநாள் காது கிழிந்தவளின் குட்டி, கைக்குள் அடங்குகிற அளவுதான், வால் மொட்டையை முறைத்து விரட்டியது. அவ்வளவு பெரிய குரங்கு ஒதுங்கிப் போனது. ஏன் என்று கேட்டேன். “அவ ஆத்தா யாருன்னு அதுக்குத் தெரியாதா?” என்றாள் ஆச்சி. அது குரங்கு ஆய்வின் ஆழமான கேள்விகளில் ஒன்று என்று எனக்குத் தெரிய வர வெகுகாலம் ஆனது.

வரிசை ஏட்டில் ஏறிய கதை

விலங்குகளிடம் இருக்கும் மேல்கீழ் வரிசையை முதலில் ஒழுங்காக ஏட்டில் ஏற்றியவர் நார்வேயின் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே. சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்துவந்தவர். 1920-களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். முதல் கோழி எல்லாரையும் கொத்தும், இரண்டாவது முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும், கடைசிக் கோழி யாரையும் கொத்தாது. வெளியே நின்று பார்க்கிற மனிதர் இதை ஒரு கட்டப் பட்டியலாக எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் கோழியின் தலைக்குள்ளும் இருக்கிறதா? தன்னைக் கொத்தியவளையும் தான் கொத்தியவளையும் மட்டும் நினைவில் வைத்திருந்தாலே அந்த வரிசை தானாக உருவாகிவிடுமே? நூறு ஆண்டுகளாக நடக்கும் விவாதத்தின் கரு இதுதான்.

அடுத்த பெரிய அடி ஜப்பானில் விழுந்தது. 1948-ல் கின்ஜி இமானிஷியும் அவருடைய மாணவர்களும் கோஷிமா தீவில் காட்டுக்குரங்குகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு அவற்றைப் பழக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, வம்சவழியைப் பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். ஒசாகாவுக்கு அருகில் மினோவில் கூட்டம் ஒன்றைக் கவனித்த ஷுன்சோ கவாமுரா 1958-ல் ஒரு விதியைச் சொன்னார். மகளுக்குக் கிடைப்பது தாய்க்கு அடுத்த இடம். அக்கா தங்கைகளில் இளையவளே மூத்தவளுக்கு மேல். வால் மொட்டையை விரட்டிய குட்டியின் தைரியத்துக்கு அங்கே எழுத்தில் விளக்கம் கிடைத்தது. பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிகிறது. ஆகவே அதன் இடம் அதன் உடல்பலத்தை மட்டும் பொறுத்ததில்லை. யாருடைய மகள், யாருடைய தங்கை என்பதைப் பொறுத்தது. அப்படியானால் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் மற்றவர்களின் உறவையும் ஓரளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குரங்குக்குச் சுற்றம் உண்டு என்பது தமிழுக்குப் புதிதில்லை. குறுந்தொகையின் 69-ஆம் பாட்டில், கடுவன் இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து விழுந்து உயிர்விடுகிறது. மந்தி சாவது கவிஞரின் கற்பனையாக இருக்கலாம். குட்டியை யாரிடம் விட வேண்டும் என்று அதற்குத் தெரியும் என்பது மலைச்சாரலில் பார்த்து எழுதியது.

கப்பலேறியவை

குரங்கின் சமூகத்தைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான குரங்குகளின் தயவு. 1938-ல் கிளாரன்ஸ் ரே கார்பென்டர் என்ற அமெரிக்கர் வட இந்தியாவில் செம்முகக் குரங்குகளை, அதாவது ரீசஸ் குரங்குகளை, வாங்கிக் கப்பலேற்றினார். அவற்றில் 409 குரங்குகள் கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில் விடப்பட்டன. பல கூட்டங்களிலிருந்து பிடிக்கப்பட்ட அந்நியர்கள் அவை. முதலில் சண்டையும் சாவும் மிகுதி. பிறகு மெல்லக் கூட்டங்கள் அமைந்தன. அவற்றின் சந்ததி இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறது. தாயின் இடம் மகளுக்கு இறங்குகிறது என்பதை ரீசஸ் குரங்குகளில் டொனால்ட் சேட் 1967-ல் எழுதிக்காட்டியது அங்கே பார்த்துத்தான்.

அந்த 409 ஒரு தொடக்கம் மட்டுமே. 1950-களில் போலியோ தடுப்பு மருந்துக்காகக் குரங்கின் சிறுநீரகத் திசு தேவைப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் இந்தியக் குரங்குகள் கூண்டில் ஏறிய காலம் அது. 1955-ல் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத்திணறிச் செத்ததும் இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிதுகாலம் நிறுத்திவைத்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் சார்லஸ் சவுத்விக், பேக், சித்திகி ஆகியோர் உத்தரப் பிரதேசத்தின் கிராமம், நகரம், கோயில் என்று நடந்து ரீசஸ்களை எண்ணினார்கள். பல இடங்களில் கூட்டங்கள் தேய்ந்திருந்தன. இளம் குரங்குகள் இருக்க வேண்டிய அளவில் இல்லை. வியாபாரிகள் விரும்பிப் பிடித்தது இளசுகளைத்தான். மருத்துவத்துக்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தை மீறி ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளில் குரங்குகள் பயன்படுவது தெரியவந்ததும், மொரார்ஜி தேசாயின் அரசு ஏற்றுமதியை முழுவதும் தடைசெய்தது. 1978 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அமெரிக்க ஆய்வகங்கள் தாங்களே குரங்குகளை வளர்க்கத் தொடங்கின. அப்படி வளர்பவற்றில் பெரும்பகுதி இந்திய வம்சம்.

புனேக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1952-ல் இங்கே தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம்தான் இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். 1957-ல் ஷிமோகா காடுகளில் லங்கூர்களும் நாட்டுக்குரங்குகளும் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தபோது, காரணமான கியாசனூர் காட்டுநோயைக் கண்டறிந்தவர்கள் இந்த மையத்தின் ஆய்வாளர்கள். அந்த நாட்களில் குரங்கு என்றால் அறிவியலுக்குப் பெரும்பாலும் உடல்: திசு, ரத்தம், நோய். அதன் மனத்தைக் கேட்டவர்கள் சிலர்தான்.

டப்பாவும் கடலையும்

மனத்தைக் கேட்ட வழி குழந்தைகள் மூலமாக வந்தது. மீனா ராணியைவிட உயரம், ராணி கமலாவைவிட உயரம் என்றால் மீனாவும் கமலாவும் அருகருகே நிற்காமலே யார் உயரம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஏழு வயதுக்கு முன் இந்த ஊகம் குழந்தைகளுக்கு வராது என்பது ழான் பியாஜேயின் கருத்து. 1971-ல் பீட்டர் பிரையன்ட்டும் டாம் ட்ரபாஸோவும் நான்கு வயதுக் குழந்தைகளுக்கே அது வரும் என்று காட்டினார்கள். அவர்களுடைய சோதனையின் அமைப்புதான் பிறகு குரங்குகளுக்கும் போனது.

ஐந்து பொருள்கள்: அ, ஆ, இ, ஈ, உ. அ-ஆ என்றால் அ சரி. ஆ-இ என்றால் ஆ சரி. இ-ஈ என்றால் இ. ஈ-உ என்றால் ஈ. அடுத்தடுத்த இந்த நான்கு ஜோடிகள் மட்டும் பயிற்சிக்கு. பத்து ஜோடிகள் அமையக்கூடிய இடத்தில் ஆறு ஜோடிகளைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. கடைசியில் ஆ-வையும் ஈ-யையும் முதல்முறையாகச் சேர்த்து வைப்பார்கள். அ எப்போதும் வென்றது, உ எப்போதும் தோற்றது. அவற்றை வைத்து எதுவும் தெரியாது. ஆனால் ஆ பாதி நேரம் சரி, பாதி நேரம் தவறு. ஈ-யும் அதே பாதி. பரிசை மட்டும் எண்ணும் மூளைக்கு இரண்டும் ஒன்று. ஐந்தையும் ஒரு வரிசையாக நிறுத்திய மூளைக்கு மட்டுமே ஆ மேலே என்று தெரியும்.

எடின்பரோவில் பிரெண்டன் மெக்கோனிகிலும் மார்கரெட் சாமர்ஸும் தென் அமெரிக்க அணில்குரங்குகளுக்கு நிறம் வேறுபட்ட டப்பாக்களைக் கொடுத்து, சரியானதற்குக் கடலை வைத்து, இதைச் செய்தார்கள். 1977-ல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே குரங்குகள் தர்க்கம் அறிந்தவையா என்ற கேள்விதான். பார்க்காத ஜோடியில் குரங்குகள் பெரும்பாலும் ஆ-வையே எடுத்தன.

அங்கிருந்துதான் மாதிரிகளின் காலம் தொடங்குகிறது. என் தொழில் இது என்பதால் இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. 1991-ல் ஃபான் ஃபெர்சன் முதலானோர் புறாக்களும் இந்தச் சோதனையில் தேறுவதைக் காட்டிவிட்டு, வரிசை தேவையில்லை என்றார்கள். எப்போதும் வெல்லும் அ-வின் பக்கத்தில் இருந்ததால் அதன் மதிப்பில் கொஞ்சம் ஆ-மேல் ஒட்டிக்கொள்கிறது, அது போதும் என்பது அவர்கள் வாதம். 1994-ல் மெக்கோனிகிலும் மிட்செல் ஹாரிஸும் வேறு மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். குரங்கின் தலையில் கட்டளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன: அ இருந்தால் அ-வை எடு, இல்லையென்றால் உ-வைத் தவிர், இப்படி. அந்த அடுக்கிலிருந்தே வரிசையான நடத்தை பிறக்கும். ஒட்டிக்கொள்ளும் மதிப்பு, கட்டளை அடுக்கு, ஐந்தையும் வரிசையில் நிறுத்தும் மனக்கோடு என மூன்று விளக்கங்களும் ஒரே சோதனை முடிவைத் தரக்கூடியவை. எந்த மாதிரி உண்மை என்று பிரிக்க, அவை வேறுவேறு விடை சொல்லும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

அப்படிப்பட்ட இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். 1996-ல் ராபர்ட் ட்ரைக்லரும் வான் டில்பர்கும் குரங்குகளுக்கு ஐந்தைந்து பொருள்கள் கொண்ட இரண்டு வரிசைகளைத் தனித்தனியே கற்பித்தார்கள். பிறகு முதல் வரிசையின் கடைசியையும் இரண்டாம் வரிசையின் முதலையும் மட்டும் ஒரு ஜோடியாகக் காட்டினார்கள். அந்த ஒரே இணைப்பைக் கொண்டு குரங்குகள் பத்தையும் ஒரே வரிசையாக நடத்தின. இன்னொன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரெக் ஜென்சன், ஹெர்பர்ட் டெரஸ், வின்சென்ட் ஃபெரேரா குழுவினர் ரீசஸ்களுடன் செய்தது. 2015-ல் அவர்கள் வெளியிட்ட மாதிரியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோட்டில் தோராயமான இடம் உண்டு. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும், திரையில் வந்த இரண்டு படங்களின் இடத்தோடு வராத படங்களின் இடத்தையும் அது சேர்த்துத் திருத்துகிறது. பரிசை மட்டும் எண்ணும் வழக்கமான கற்றல் மாதிரி தோற்ற இடத்தில் இது குரங்கைப் போலவே நடந்தது. 2019-ல் பரிசின் அளவையே தலைகீழாக்கிப் பார்த்தார்கள். கீழிடத்துப் படங்களுக்குப் பெரிய பரிசு. பரிசே எல்லாம் என்றால் குரங்குகள் குழம்பியிருக்க வேண்டும். அவை வரிசையைக் கற்றுக்கொண்டன.

கோட்டில் இரண்டு படங்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு எளிதாகக் குரங்கு சரியாகச் சொல்லும் என்பதும் இத்தகைய சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. மனிதருக்கும் அப்படித்தான். இரண்டா எட்டா என்பதுபோல் இரண்டு எண்களில் எது பெரியது என்பதை, அவற்றின் தூரம் கூடக்கூட நாம் விரைவாகச் சொல்கிறோம் என்று 1967-லேயே மோயரும் லாண்டவரும் அளந்திருந்தார்கள்.

திரும்ப மரத்தடிக்கு

இவ்வளவையும் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் ஒரு குறை இருக்கிறது. குரங்கு வரிசைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. திரையில் வருவது பறவைப் படமோ பூப்படமோ. அவற்றின் வரிசையில் அதற்கு இடமில்லை. மரத்தடியில் அப்படியில்லை. அங்கே தேர்ந்தெடுப்பவளும் வரிசையில் ஒருத்தி. அவள் எடுக்கும் முடிவு அவளுடைய இடத்தையும் சேர்த்தது.

இந்த வித்தியாசத்தை மாதிரியாக முதலில் எழுதியவர்களில் ராபர்ட் சேஃபார்த் முக்கியமானவர். 1977-ல், எடின்பரோவின் டப்பாச் சோதனை வந்த அதே ஆண்டில், பெண் குரங்குகள் யாருக்குப் பேன் பார்க்கும் என்று ஒரு மாதிரி சொன்னார். எல்லாரும் மேலிடத்தவளுக்குப் பார்க்க விரும்புகிறார்கள், சண்டையில் அவள் ஆதரவு வேண்டும் என்பதற்காக. ஆனால் அவளைச் சுற்றிப் போட்டி. அதனால் ஒவ்வொருத்தியும் கடைசியில் தனக்கு எட்டுகிற இடத்தவளிடம், தனக்குச் சற்று மேலே இருப்பவளிடம் போய் நிற்கிறாள். இரண்டே அனுமானங்கள், ஆனால் கூட்டத்தின் முழு அன்றாடத்தையும் அவை தொட்டன.

நாட்டுக்குரங்கைப் பொறுத்தவரை, 1960-களின் தொடக்கத்தில் பால் சைமண்ட்ஸ் மைசூர் மாநிலத்திலும் யுகிமாரு சுகியாமா தார்வார் பக்கத்திலும் அதன் சமூக வாழ்வைப் பார்த்து எழுதியிருந்தார்கள். மைசூர் பல்கலைக்கழகத்தில் மேவா சிங் அந்த வேலையைத் தலைமுறைகளாகத் தொடரச் செய்தார். இந்த அடித்தளத்தின் மேல்தான் சின்ஹாவின் 1998 கட்டுரை நிற்கிறது.

தொடக்கத்தில் சொன்ன மூவரிடம் திரும்புகிறேன். கீழிடத்தவள் எழுவது வழக்கம். ஆனால் சிலமுறை நடு இடத்தவளே எழுந்து போனதை சின்ஹா கவனித்தார். ஏன்? இருவருக்கு இடையே இட வித்தியாசம் எவ்வளவு, யாருக்கும் யாருக்கும் சண்டை அதிகம் என்ற எளிய காரணங்களைப் போட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. பொருந்தியது வேறொன்று. அந்தக் கீழிடத்தவள் கூட்டத்தில் மற்றப் பெண்களால் அதிகம் விரும்பப்படுபவளாக, பிறர் வந்து நிறைய நேரம் பேன் பார்த்துவிடுபவளாக இருந்தால், நடு இடத்தவள் ஒதுங்கினாள். அப்படியென்றால், தன்னிடம் யார் எப்படி நடக்கிறார்கள் என்பதோடு, மற்றவர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதையும் அவள் கண்ணில் வாங்கி வைத்திருந்தாள்.

பிறகு அவர் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போட்டார். ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடை உள்ள கேள்விக்கு, எந்தக் காரணம் எவ்வளவு எடை என்று பிரித்துச் சொல்லும் முறை அது. என் அலுவலகத்தில் தினமும் ஓடுவதும் அதுதான்: கட்டுவாரா, கட்டமாட்டாரா. அங்கே: எழுவாளா, எழமாட்டாளா. கணக்கு சொன்ன விடையைப் படித்தபோது நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். ஒருத்தி எழுந்து போவதைத் தீர்மானிப்பதில், மற்ற இருவரின் நேரடி இடத்தைவிட, அவர்கள் இருவருக்கும் தனக்கும் உள்ள தூரமே அதிக எடை. மூன்று பண்புகளை சின்ஹா அந்த அறிவுக்குச் சொன்னார். பிறரைத் தன்னை வைத்து அளக்கிறது. இருவரைப் பற்றிய செய்தியையும் ஒரேசமயம் சேர்த்துப் பயன்படுத்துகிறது. விருப்பம் போன்ற வேறு செய்திகளையும் இட வரிசை என்ற ஒரே ஏட்டில் பதிந்துகொள்கிறது.

மறு ஆண்டே ஜோன் சில்க், கலிஃபோர்னியாவில் வளர்க்கப்பட்ட நாட்டுக்குரங்குக் கூட்டத்தின் ஆண்களைப் பற்றி எழுதினார். சண்டையில் துணைக்கு அழைக்கும்போது, ஓர் ஆண் தனக்கும் மேலான, தன் எதிரிக்கும் மேலான ஒருவனையே அழைத்தது. தனக்கு மேலானவன் யார் என்று தெரிந்தால் மட்டும் போதாது. எதிரிக்கும் அவனுக்கும் இடையே யார் மேல் என்பதும் தெரிய வேண்டும். 2003-ல் போட்ஸ்வானாவில் பெர்க்மன், பீஹ்னர், செனி, சேஃபார்த் நால்வரும் பபூன்களுக்குப் பொய்ச்சண்டை ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். ஒரே குடும்பத்துக்குள் இடம் மாறியதுபோல் கேட்டபோது பபூன்கள் சிறிது திரும்பிப் பார்த்தன. கீழ்க் குடும்பத்தவள் மேல் குடும்பத்தவளை அடக்குவதுபோல் கேட்டபோது நெடுநேரம் பார்த்தன. “அவ ஆத்தா யாருன்னு அதுக்குத் தெரியாதா?” என்று ஆச்சி கேட்டதற்கு உலகம் கொடுத்த விடை இதுதான்: தெரியும்.

கூண்டுக்கும் கணக்குக்கும் நடுவே

இந்த வரலாறு எனக்குச் சொல்வது ஒன்று. குரங்கின் வரிசையறிவு அது யாரோடு வாழ்கிறதோ அவர்களைக் கொண்டு கட்டப்பட்டது. நாம் ஒருவரின் மதிப்பெண்ணை எழுதி வைத்தால் அது எந்த ஊரிலும் அதே எண்தான். நாட்டுக்குரங்கின் ஏட்டில் அப்படியொரு எண்ணே இல்லை. தாய் இவள், தங்கை இவள், எனக்கு மேலே இவள் என்று தன்னிலிருந்து அளந்த தூரங்கள்தான் இருக்கின்றன. அளவுகோலின் மறுமுனையில் இருக்கும் ஆள் போய்விட்டால் அந்தத் தூரத்துக்கு அர்த்தம் இல்லை.

இன்று தென்னிந்தியாவில் நாம் செய்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊருக்குள் தொல்லை என்று மனு போனால், கூண்டு வைத்துச் சிக்கியவற்றைப் பிடித்து வேறு காட்டில் விடுகிறார்கள். சிக்குவது முழுக் கூட்டம் இல்லை. துணிந்து முன்னே வந்தவை, பசியில் வந்தவை, குட்டியைத் தேடி வந்தவை. அங்கே போனவற்றுக்கு யாரையும் தெரியாது. இங்கே நின்றவற்றுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. காயோ சாந்தியாகோவில் பல கூட்டத்து அந்நியர்களை ஒன்றாக இறக்கியபோது நடந்த சண்டையும் சாவும் வரலாற்றில் பதிவாகி இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அதையே சிறுசிறு அளவில் ஊர் ஊராகச் செய்வது நியாயமில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. குமார், சிந்து ராதாகிருஷ்ணா, சின்ஹா ஆகியோர் 2011-ல் எழுதிய கட்டுரை, ரீசஸ்கள் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி நாட்டுக்குரங்கின் நிலத்தைப் பிடித்துவருவதைக் காட்டியது. நாட்டுக்குரங்கு இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே உள்ள இனம். அது போனால் வேறெங்கும் தேட முடியாது. வடக்கு எல்லையில் இருக்கும் மகாராஷ்டிரத்துக்கு இதில் பொறுப்பு அதிகம்.

குரங்குத் தொல்லை உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. தென்காசிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்கு வழிகள் உண்டு: குப்பையை மூடி வைப்பது, சுற்றுலா இடங்களில் தின்பண்டம் போடுவதை நிறுத்துவது, கருத்தடை செய்த குரங்கைத் திரும்ப அதே கூட்டத்திலேயே விடுவது. பிடித்தே ஆக வேண்டும் என்றால் கூட்டத்தை உடைக்காமல் பிடிக்க வேண்டும். அதற்கு முன் சில வாரமாவது யாராவது உட்கார்ந்து, எந்தக் கூட்டம், யார் தாய், யார் மகள் என்று எழுத வேண்டும். ஜப்பானியர் 1948-ல் செய்த வேலைதான். பென்சிலும் பொறுமையும் போதும். படிப்பறியாத ஒரு பழக்கடைக்காரி ஏடே இல்லாமல் செய்து வந்ததும் அதுதான்.

குரங்கு ஆய்வில் மாதிரி எழுதுகிற இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரியில் தேர்ந்தெடுப்பவளையும் வரிசையில் ஒரு புள்ளியாக வையுங்கள். ஆய்வகத்தின் ஐந்து படங்கள் கற்பித்தது பெரிய பாடம். ஆனால் அந்த அறிவு எதற்காகத் தோன்றியது என்று சொல்வது மரத்தடியில் பேன் பார்க்கும் மூவர்தான். அந்த மூவரையும் பார்க்க நமக்கு ஆய்வகமோ வெளிநாட்டுப் பயணமோ வேண்டாம். கோயில் குளக்கரையிலும் மலைப்பாதையிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டமாக வாழவிட்டால் கேள்விகளும் இருக்கும், விடைகளும் இருக்கும். உடைத்துவிட்டால் எஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே.